மறுபடியும் போக வேண்டும்

இன்று பட்டம் பெற்ற ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்து.

1970-களில் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி, மருத்துவம் படிக்க இந்தத் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். தம்பானூரில் இறங்கியபோது வயிற்றைக் கலக்கியது. சாலை என்ற கடைத்தெருவில் தமிழ்க் குரல் காதில் விழுந்ததும் பாதி பயம் போயிற்று. விடுதியில் இரவு இரண்டு மணி வரை வாதம் நடக்கும். கடவுளை நம்பாதவன் நல்லவனாக இருக்க முடியுமா? மதத்தை விலக்கிவிட்டால் அறம் எதன்மேல் நிற்கும்? ஒருநாளும் முடிவுக்கு வந்ததில்லை. எனக்கு அதற்கான பதில் பல வருடம் கழித்து, ஒரு நோயாளியின் கட்டிலருகே கிடைத்தது.

அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது. வாய்ப்புற்றுநோய் முற்றிய ஒரு கொத்தனார் வார்டில் கிடந்தார். வலி தாங்காமல் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டே இருப்பார். “இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அந்த அம்மா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். நோயைக் குணப்படுத்த முடியாது என்பது உண்மை. வலிக்கும் ஒன்றும் செய்ய முடியாது என்பது பொய். அது பொய் என்று அன்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் வலி தணிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சில வருடம் கழித்து அங்கே போய் நான் மறுபடி மாணவனானேன். மார்ஃபினை வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, வலி தலைதூக்கும் முன்பே, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்துக் கொடுப்பது என்று அங்கேதான் கற்றேன். விலை மலிவான மருந்துதான். ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு நோயாளிகளுக்கு அது கிடைப்பதே அரிதாகிவிட்டது. அது எளிதாகக் கிடைப்பதற்காக அந்தச் சட்டம் 2014-இல்தான் திருத்தப்பட்டது.

இப்போது, பதில் கிடைத்த அந்தக் கட்டிலருகே வருகிறேன். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு சிறிய வீடு. மார்புப் புற்று புண்ணாகி வெடித்த ஒரு பாட்டி. வீட்டுக்குள் கால் வைக்க முடியாத நாற்றம். பாட்டியின் அறைக் கதவை மூடியே வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகள் திண்ணையில் படுத்தார்கள். வீடு தேடிப் போகும் எங்கள் வலி தணிப்புக் குழுவோடு வந்த தொண்டர், அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்த ஓர் இஸ்லாமியப் பெண். எங்கள் நர்ஸ் காட்டிக்கொடுக்க, அவர் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் புண்ணைக் கழுவினார். மெட்ரோனிடசோல் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, கரண்டிக் காம்பால் நுணுக்கி, அந்தப் பொடியைப் புண்மேல் தூவினார். மருமகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். நாலைந்து நாளில் நாற்றம் அடங்கியது. அடுத்த வாரம் நாங்கள் போனபோது கதவு திறந்திருந்தது. சின்னப் பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்து பாட்டிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

மருமகள் பிறகு அந்தத் தொண்டரின் வீட்டைப் பற்றி என்னிடம் சொன்னார்: “மாமி முன்னெல்லாம் அந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டாங்க, டாக்டர்.” அதே பாட்டி கடைசி மாதங்களில் அந்தத் தையல்காரப் பெண் பிளாஸ்க்கில் கொண்டுவரும் கட்டன் சாயாவுக்காகக் காத்திருப்பார். யாரும் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. அந்தப் பெண் வாரம் தவறாமல் வந்தார், அவ்வளவுதான்.

இதைப் பார்த்தபோதெல்லாம் எனக்குச் சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் நினைவுக்கு வருவார். இதே திருவனந்தபுரத்தில், மகாராஜா கல்லூரியில் பி.ஏ. படித்தவர். 1917 மே 29 அன்று, தம் சொந்த ஊரான செறாயியில், எந்தச் சாதியினர் தொட்டால் தீட்டு என்று ஊர் சொன்னதோ அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருடைய சமூகமே அவரை விலக்கிவைத்தது. அந்தச் சாதியின் பெயரைச் சேர்த்துப் புலையன் ஐயப்பன் என்று ஏசியது. அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். அவருடைய குரு ஸ்ரீ நாராயண குரு, மனிதருக்குச் சாதியும் மதமும் தெய்வமும் ஒன்றே என்றவர். சீடரோ அந்த மூன்றுமே வேண்டாம், தர்மம் ஒன்று போதும் என்றார். சீடர் இவ்வளவு தூரம் விலகிப் போயும் குரு அவரைத் தள்ளிவிடவில்லை. கலந்துண்பதும் கலந்து மணப்பதும் தவறல்ல என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்தார். நம்பிய ஒருவரும் நம்பாத ஒருவரும் ஒரே பந்திக்கு நியாயம் சொன்னார்கள். எங்கள் விடுதி வாதத்துக்கு நாங்கள் பிறக்கும் முன்பே விடை எழுதப்பட்டிருந்தது.

செல்வங்களே, நம் காலத்துக்கு ஓர் அறம் வேண்டுமென்றால் அதை வலியிலிருந்து தொடங்கலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை. “எங்கே நோவுது?” என்று கேட்க எந்த வேதமும் தடையில்லை, எந்த வேதமும் தேவையுமில்லை. கோவிலுக்குப் போகிறவரும் போகாதவரும் அந்தக் கேள்வியில் சமம். ஆனால் கேட்டுவிட்டு வந்துவிட்டால் அது அறமாகாது. மனம் இளகுவது எல்லோருக்கும் நடக்கிறது. வீடு வந்து சேர்வதற்குள் அது ஆறியும் போகிறது. கருணை என்பது மறுபடியும் போவது. அதற்கு முறை வேண்டும், கிழமை வேண்டும், இன்று யார் போவது என்று எழுதிய தாள் வேண்டும்.

கேரளம் இதைச் செய்து காட்டியது. அக்கம்பக்கத்தார் சிறுதொகை போட்டு வண்டி வைத்தார்கள். ஆட்டோ ஓட்டுநரும் ஆசிரியரும் கல்லூரிப் பிள்ளைகளும் புண் கட்டக் கற்றார்கள். 2008-இல் அரசு வலி தணிப்புச் சிகிச்சைக்கென்றே கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். இன்று ஊராட்சி நர்ஸ் வீடு தேடி வருகிறார். ஆனால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவை. கிடைப்பது 100-க்கு 14 பேருக்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 86 பேர் வீட்டிலும் கதவு மூடியிருக்கிறது.

அந்தக் கொத்தனார் வீட்டுக்கு நான் ஒருநாளும் போகவில்லை. அவர் ஊர் என் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்தான். இவ்வளவு வருடம் கழித்தும் அந்த அரை மணி நேரம் என்னை உறுத்துகிறது.

நீங்கள் கணக்கு படித்திருக்கலாம், தமிழ் படித்திருக்கலாம், வணிகவியல் படித்திருக்கலாம். மாத்திரை நுணுக்க எந்தப் பட்டமும் குறுக்கே நிற்காது. வேலை தேடி எந்த ஊருக்குப் போனாலும், அங்கே வீடு வீடாகப் போகிற நர்ஸ் யாரென்று விசாரியுங்கள். எந்தக் கிழமை போகிறார் என்று கேளுங்கள். அந்த வண்டியில் ஒருநாள் ஏறி உட்காருங்கள்.

அடுத்த வாரமும் ஏறுங்கள்.