எண்பத்தொன்றிலும் எழுதிய கை



வெள்ளிவிழாவில் இசையைப் பற்றிப் பேசுவானேன் என எண்ண வேண்டா. நாம் பேசுவது கல்வியைப் பற்றியே.

பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனுடன் ஊர்ஊராகச் சென்று பாடியவர் இளையராஜா. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசையையும் அதை எழுதும் முறையையும் கற்றார். 1976இல் 'அன்னக்கிளி' புகழ் தந்தது. புகழ் வந்த பின்னும் அவர் கை ஓயவில்லை. 2005இல் 'திருவாசகம்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். 2025 மார்ச் 8ஆம் நாள், 81ஆம் வயதில், 'வேலியண்ட்' சிம்பொனியை இலண்டனில் அரங்கேற்றினார்.

வாசித்தது இராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு. அவர் நெஞ்சில் எண்ணியதை அயல்நாட்டார் எவ்வாறு வாசித்தனர்? ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்களை அவர் தாளில் எழுதியிருந்தார். கேள்வி ஞானம் அவரைப் பாட வைத்தது. எழுத்தறிவு கடல் கடக்க வைத்தது.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்குக் கைத்திறனில் குறைவில்லை. ஆயினும் வரைபடம் படிக்கவும் அறிக்கை எழுதவும் அறியாதவர், நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். இருபத்தைந்து வயதிலேயே "இனி என்ன படிப்பு?" என்கின்றனர்.

இளைஞர்களே, வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஏட்டுக்குக் கொடுங்கள். கற்பிக்க நாம் இருக்கிறோம்.