ஒரு பைப்பில் பன்னிரண்டு ஒயர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நீங்க சாதிச்சதைப் பத்திப் பேசுங்க சார்" என்றார் செயலாளர். நான் கோட்டை விட்டதைப் பற்றிப் பேசுகிறேன். மாணவர்களுக்கு அதுதான் உபயோகம்.

1998-இல் ஒரு ஜவுளிக் கடைக்கு ஒயரிங் டிசைன் செய்தேன். மேல்மாடியில் ஆறு ஏ.சி., ஒவ்வொன்றும் 13 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் பைப்புக்குள் 24 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லிற்று. 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டேன். பைப் மிச்சம் பிடிக்க, ஆறு சர்க்யூட்டையும் மொட்டைமாடித் தளத்துக்குள் ஒரே பைப்பில் இழுக்கச் சொன்னேன். எர்த் நீங்கலாகப் பன்னிரண்டு ஒயர்.

"சார், ரெண்டு மூணு பைப்பாப் பிரிச்சுக்கலாமா?" என்று கேட்டார் ஒயர்மேன் அண்ணன். "டேபிள் பாத்துட்டேண்ணே, இழுங்க" என்றேன். டேபிளுக்கு அடியில் இருந்த குறிப்பைத்தான் பார்க்கவில்லை!

மூன்றாவது கோடை, அக்னி நட்சத்திரம். கடையில் லேசாகக் கருகல் வாடை. எம்.சி.பி. விழவே இல்லை. ஏன் விழும்? 20-க்கு 13 தானே போகிறது! அண்ணன் ஒயரை உருவி வளைத்தார். இன்சுலேஷன் அப்பளம் மாதிரி நொறுங்கியது. சுற்றிலும் மாடி முழுக்கத் துணி, அதற்குள் ஜனங்கள். அன்று இரவு நான் தூங்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த 24 ஆம்பியர், பைப்பில் ஒரே ஒரு சர்க்யூட் இருந்து, சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருந்தால் மட்டும். பி.வி.சி. தாங்குவது 70 டிகிரி. ஆக 40 டிகிரி ஏறலாம். வெயில் குடித்த தளம் 45 டிகிரி என்றால் மிச்சம் 25 தான். சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: 0.79. புத்தகத்திலும் அதே எண்தான். அதோடு, ஒரு ஒயரின் சூடு இன்னொன்றைச் சுடுகிறது; ஆறு சர்க்யூட் சேர்ந்தால் ஐ.இ.சி. 60364 தரும் காரணி 0.57. இரண்டாலும் பெருக்கினால் 24 ஆம்பியர் 10.8 ஆகிவிடுகிறது. நான் 13 ஓட்டிக்கொண்டிருந்தேன், மூன்று வருஷமாக!

(அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்களுக்கு: உங்கள் என்.இ.சி. சர்க்யூட்டை அல்ல, கரண்ட் ஓடும் ஒயரை எண்ணும். 10 முதல் 20 வரை என்றால் பாதிதான். கிட்டத்தட்ட அதே கதை.)

மூன்று பைப், பைப்புக்கு இரண்டு சர்க்யூட், 4 சதுர மி.மீ. ஒயர் என்று மாற்றினோம். 32 பெருக்கல் 0.8 பெருக்கல் 0.79, அதாவது 20.2. பழைய எம்.சி.பி.யே பொருந்தியது. செலவு என்னுடையது. முதலாளி கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன்.

உருவிய ஒயரில் ஒரு முழம் இன்னும் வைத்திருக்கிறேன். இன்று பையில் இருக்கிறது. டீ இடைவேளையில் வாருங்கள் தம்பிகளா, வளைத்துப் பாருங்கள்.