காட்டான் என்றொரு பெயர்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழில் அனுபவத்தைப் பேசு" என்றுதான் செயலாளர் சொன்னார். நான் கான்கிரீட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பின்வரிசை தூங்கிவிடும். ஆகவே அவர் அனுமதியோடு வேறொன்று பேசுகிறேன். இந்த அரங்கில் என் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேருக்கு என் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது. "காட்டான்" என்றால் உடனே வரும். (சிரிப்பு)

நான் கொல்லிமலை அரியூர் நாட்டுக்காரன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் எங்கள் மலை. அங்கே ஊராட்சிக்கே 'நாடு' என்றுதான் பெயர். எங்கள் சாதிச் சான்றிதழில் 'மலையாளி' என்று இருக்கும். 2008-இல் கல்லூரியில் சேர வந்தபோது அதைப் பார்த்த ஒருவர், "கேரளாவாப்பா? தமிழ் நல்லா பேசறியே!" என்றார். எங்கள் பெரியவர்களைக் கேட்டால், காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரின் வழி என்று கதை சொல்வார்கள். மலையை ஆள்பவன் மலையாளி. அதைச் சொல்லும் தைரியம் அன்று எனக்கு இல்லை.

விடுதியில் இரண்டாவது வாரமே பெயர் வைத்துவிட்டார்கள். "உங்க ஊர்ல கரண்ட் இருக்கா? துணியெல்லாம் கட்டுவீங்களா?" கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, சும்மா சிரிப்புக்குத்தான் கேட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் யார் கேட்டாலும் "நாமக்கல் பக்கம்" என்று மட்டும் சொல்லப் பழகினேன். அந்த வருடம் அப்பா ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு என்னைப் பார்க்க வந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே பேசி, "ஹாஸ்டலுக்குள்ள விட மாட்டாங்கப்பா" என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பினேன். பழத்தை அங்கேயே ஒரு கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

விடுமுறையில் இதை என் பாட்டியிடம் சொன்னேன். பலாப்பழத்தை அல்ல, பெயரை. பாட்டிக்கு அதில் என்ன வசவு என்றே புரியவில்லை. எங்கள் பேச்சில் 'காடு' என்றால் வெள்ளாமைக் காடு. சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் விளைகிற நிலம். "காடு இல்லாதவன்தான்டா வெக்கப்படணும்" என்றாள். மூன்றாம் ஆண்டில் நானே என் அறைக் கதவில் சாக்பீஸால் 'காட்டான்' என்று எழுதினேன். அன்றோடு அந்தச் சொல் குத்துவது நின்றது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அதையே போட்டுக்கொண்டேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைப்பு.

எனக்கு முன்னால் இதை எத்தனையோ பெரிய அளவில், எத்தனையோ கொடுமையான சொல்லை வைத்துச் செய்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். தெருவில் இழிவாகச் சொல்லப்பட்ட சொல், ஆங்கிலத்தில் 'பரையா' என்று போய் ஒதுக்கப்பட்டவனுக்கே பெயரான சொல். அதைத் தலைப்பில் அச்சடித்தார். ஒளிந்துகொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் வாதம். அவருடைய சகோதரியின் கணவர் அயோத்திதாசப் பண்டிதர் இதை ஒப்பவில்லை. அது பகைவர் சூட்டிய பெயர், அதை நாமே ஏன் சுமக்க வேண்டும் என்றார். 1907-இல் அவர் தொடங்கிய பத்திரிகை 'ஒரு பைசாத் தமிழன்'. ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழி!

இரண்டு வழியும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. எம்.சி. ராஜாவின் தீர்மானத்தால் 1922-இல் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' வந்தது. 2025-இல் 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். இது பண்டிதர் வழி. அதே 2025-இல் பறை ஆசான் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. இது சீனிவாசன் வழி. நான் வெகு காலம் சீனிவாசன் கட்சி.

போன வருடம் ஒரு வேலையாக இங்கே வந்தபோது, எங்கள் மலைத் தம்பி ஒருவன், முதலாண்டு மாணவன், தேடி வந்தான். அவனையும் விடுதியில் காட்டான் என்கிறார்களாம். வேண்டாம் என்று சொன்னதற்கு, "உங்க ஊர் சீனியரே அப்படித்தானே பேர் வச்சிருக்காரு" என்றார்களாம். என் வாட்ஸ்அப் பெயர் எப்படியோ அவர்கள் வரை போயிருக்கிறது.

"நீங்க ஏண்ணா அந்தப் பேரை வச்சீங்க?" என்று கேட்டான். பாட்டி கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. சிரிச்சுக்கலாம். எனக்கு ராத்திரி ரூமுக்குப் போகணுமேண்ணா" என்றான்.

எனக்குப் பதில் இல்லை. ஊருக்கு வந்து சீனிவாசனைப் பற்றி மறுபடியும் படித்தேன். அவர் பெயரை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் மேல்சாதிக்காரர்களே அதிகாரத்துக்கு வருவார்கள் என்று எதிர்த்து, 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி இங்கிலாந்துக்கு மனு அனுப்பினார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேர் நின்றார்கள். என் கதவுக்குப் பின்னால் நான் ஒருவன்தான் நின்றேன். எனக்கு மட்டும் வலி நின்றால் போதும் என்று இருந்துவிட்டேன். அடுத்து வருகிற பையனை நினைக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, வாட்ஸ்அப்பில் என் பெயரை மாற்றிவிட்டேன், கவனித்திருப்பீர்கள். நீங்கள் கூப்பிட்டால் கோபமில்லை, பழைய பாசம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த வளாகத்துக்குள், மாணவர்கள் காதுபடக் கூப்பிட வேண்டாம். அந்தத் தம்பி பிற்காலத்தில் தானாக எடுத்துக்கொண்டால் அது அவன் பாடு. விடுதித் தம்பிகளே, அதுவரை அவனுக்கு அவன் அப்பா அம்மா வைத்த பெயர் இருக்கிறது.

இன்னொரு செய்தி. மதியச் சாப்பாட்டில் பலாச்சுளை இருக்கிறது. எங்கள் காட்டுப் பழம். கொண்டுவந்தவர் மூன்றாம் வரிசையில், வெள்ளைத் துண்டு போட்டு உட்கார்ந்திருக்கிறார். என் அப்பா. விடுதியை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அழைத்துப் போகிறேன்.