கையெழுத்தா, கேள்வியா?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசியவர்: இயந்திரவியல் பிரிவு, 2006–2010)

சாப்பாட்டு மணி எப்போது அடிக்கும் என்று கடைசி வரிசையில் காத்திருக்கும் தம்பி தங்கைகளே!

அந்தக் கடைசி வரிசை எனக்கும் சொந்தமான இடம்தான். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. கோவையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் பார்க்கிறவன். "மாணவர்களுக்கு ஊக்கம் தரும்படி ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். என்னிடம் இருப்பது ஒரு தோல்விக் கதை. அதைச் சொல்கிறேன்.

நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, பக்கத்து ஊரில் ஒரு விழாவுக்கு அப்துல் கலாம் அவர்கள் வந்தார். குடியரசுத் தலைவர் பதவிக்காலம் 2007இல் முடிந்த பிறகு ஊர் ஊராகப் போய் மாணவர்களைச் சந்தித்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அப்போது நாலு அரியர். வீட்டுக்குத் தெரியாது. இரவு தூக்கம் வராது.

பஸ்ஸில் போகும்போதே ஒரு துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி வைத்தேன். "ஐயா, 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும் முதலில் என்ன வேலை பார்த்தீர்கள்?" அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18இல், அதே ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது நமக்கெல்லாம் தெரியும். எனக்கு அந்த வெற்றி வேண்டியிருக்கவில்லை. அந்த மறுநாள் காலைதான் வேண்டியிருந்தது.

கூட்டத்தில் முண்டியடித்து அவர் முன்னால் போய் நின்றுவிட்டேன். பக்கத்தில் என் வகுப்புப் பையன்கள். கேட்டால், "இவனுக்கு என்னடா கவலை?" என்று துருவுவார்களே என்று வெட்கம். சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. கை தானாக 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தை நீட்டியது. கையெழுத்துப் போட்டுச் சிரித்தார். அவ்வளவுதான். கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மா துணி துவைக்க எடுத்த சட்டையில் சீட்டு அகப்பட்டது. படித்துவிட்டு, "ஏண்டா, என்னைக்கோ விழுந்த ராக்கெட்டுக்கு நீ ஏன் கவலைப்படறே?" என்று கேட்டாள். அப்போதுதான் நாலு அரியரும் வெளியே வந்தது. அம்மா திட்டவில்லை. "சரி, நாளைக்குக் காலையில எந்தப் பாடம் படிக்கப் போறே?" என்றாள். கலாமிடம் கேட்கத் தவறிய கேள்விக்கு எங்கள் வீட்டுக் கிணற்றடியில் பதில் கிடைத்தது. நாலையும் பாஸ் பண்ணினேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சரிந்து காலமானார் என்ற செய்தி வந்தது. அன்று அந்தப் புத்தகத்தை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தேன். அது அவருடைய கையெழுத்து. என்னுடையது அந்தச் சீட்டு ஒன்றுதான். அதை நான் கொடுக்கவேயில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு சந்திப்பும் நம் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் போகக்கூடாது.

1928ஆம் ஆண்டு. சென்னை மாநிலக் கல்லூரிக்கு ஜெர்மனியிலிருந்து ஆர்னால்டு சோமர்ஃபெல்டு என்ற இயற்பியல் பேராசிரியர் சொற்பொழிவாற்ற வந்தார். அறுபதை எட்டும் வயது. ஹைசன்பர்க், பாலி ஆகியோரின் குரு. அதே கல்லூரியில் ஒரு மாணவர். வயது பதினெட்டுதான் இருக்கும். அணு அமைப்பைப் பற்றிய சோமர்ஃபெல்டின் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சொற்பொழிவு கேட்டதோடு அவர் திரும்பிவிடவில்லை. சோமர்ஃபெல்டு தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்விட்டார். உங்கள் புத்தகத்தைப் படித்திருக்கிறேன் என்று சொன்னார். நாமாக இருந்தால் முதுகில் ஒரு தட்டு, நல்லதாக நாலு வார்த்தை எதிர்பார்ப்போம். சோமர்ஃபெல்டு என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் புத்தகத்தில் இருக்கும் குவாண்டம் கொள்கையே பழசாகிவிட்டது என்றார். ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக், பாலி எல்லோருமாகச் சேர்ந்து இயற்பியலையே மாற்றிவிட்டார்கள் என்றார். நீ படித்த புள்ளியியல் முறையும் மாறிவிட்டது என்றார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ராப்பகலாகப் படித்த பாடம் காலாவதி என்று, எழுதியவரே நேரில் சொன்னால் எப்படி இருக்கும்? நமக்கு வெளியில் வந்து டீக்கடையில் உட்காரத்தான் தோன்றும். சந்திரசேகர் உட்காரவில்லை. சோமர்ஃபெல்டும் அப்படியே அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று புதுப் புள்ளியியலை வைத்து எழுதியிருந்த, இன்னும் வெளியாகாத தம் கட்டுரையின் அச்சுப்படியை எடுத்துக் கொடுத்தார்.

அதைப் படித்துச் சில மாதங்களுக்குள் சந்திரசேகர் சொந்தமாக ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதிக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். அது 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1930இல் மேற்படிப்புக்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். ஃபௌலர் அதே புள்ளியியலை வைத்து, எரிந்து அடங்கிய 'வெள்ளைக் குள்ளன்' நட்சத்திரங்களை 1926இலேயே விளக்கியிருந்தார். கப்பலில் சந்திரசேகர் அதோடு சார்பியலையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். அப்படிப்பட்ட நட்சத்திரம் ஒரு எடைக்கு மேல் தாங்காது என்று விடை வந்தது. இப்போதைய கணக்கில் அந்த எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. இன்று உலகம் அதைச் 'சந்திரசேகர் வரம்பு' என்கிறது.

கதை இனிப்பாக முடிந்துவிடவில்லை. 1935 ஜனவரியில் லண்டனில் வானியல் அறிஞர்கள் கூட்டத்தில் இந்த முடிவை அவர் சொன்னபோது, எடிங்டன் எழுந்து எல்லோர் முன்னாலும் அதைக் கேலி செய்தார். எடிங்டன் சாதாரண ஆள் இல்லை. நட்சத்திரங்களின் உள்ளமைப்பைப் பற்றி அந்நாளின் பெரிய புத்தகத்தை எழுதியவர். சந்திரசேகர் மனம் உடைந்துதான் போனார். கணக்கை மட்டும் மாற்றவில்லை. கொஞ்ச காலத்தில் வேறு ஆராய்ச்சிக்குப் போனார். எடிங்டனோடு நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1983இல் நோபல் பரிசு வந்தது. கப்பல் ஏறி 53 வருஷம் கழித்து.

தம்பி தங்கைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். நாம் மதிக்கும் மனிதரைப் பார்க்கப் போகும்போது கையில் நம் வேலை ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஒரு கணக்கு, ஒரு வரைபடம், ஒரு கேள்வி. கேள்வி அரியரைப் பற்றியதாக இருந்தாலும் பரவாயில்லை, வெட்கப்படாதீங்க. அவர் பாராட்டினால் சந்தோஷம். "இது பழசு, தப்பு" என்று சொன்னால் அதைவிட லாபம். ஒருவேளை அவர் சொல்வதே தப்பாக இருந்தால், மரியாதை குறையாமல் நம் கணக்கோடு நிற்கவும் தெரிய வேண்டும்.

என்னைப் போன்ற பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். சோமர்ஃபெல்டின் மாணவர்கள் பலர் நோபல் பரிசு வாங்கினார்கள். அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு காலேஜ் பையன் வந்து நின்றபோது, தன் புத்தகம் பழசாகிவிட்டது என்று தன் வாயாலேயே சொல்ல அவருக்குத் தயக்கம் இல்லை. நாமோ கல்லூரிக்கு வந்தால் வாங்கிய பதவியையும் போய்வந்த நாட்டையும்தான் சொல்கிறோம். மேஜை டிராயரில் இருப்பதை எடுத்துக் கொடுப்பதில்லை.

அதனால் இன்று என் டிராயரிலிருந்து ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். நான் முதன்முதலில் டிசைன் செய்த பம்பின் குறிப்பு நோட்டு. உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டேன். மூன்றே மாதத்தில் இம்பெல்லர் புழு அரித்த கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பினேன், மறுநாள் காலையில் என்ன செய்தேன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் மெஷின் ஷாப் பக்கத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். கையெழுத்துப் போடும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. கேள்வி இருந்தால் வாங்க. சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போயிடாதீங்க.