பிள்ளையின் நிறையும் நமது கோரிக்கையும்

(மாதர் பிரிவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசும் இந்த மேடையில் பாடசாலைப் பிள்ளைகளின் நிறையைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதுவும் சம்பளக் கதைதான். அதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை உங்களுக்குத் தெரிந்ததுதான். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து டொக்டரும் பீ.எச்.ஐ.யும் வருவார்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பார்ப்பார்கள். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த சிறிய பாடசாலையென்றால் எல்லா வகுப்புகளையும் பார்ப்பார்கள். உயரம், நிறை, கண், காது, பல் எல்லாம் பார்த்து, குறை இருந்தால் பெற்றோருக்கு ஒரு துண்டு கொடுத்துவிடுவார்கள்.

அந்தத் துண்டு வீட்டுக்குப் போன மறுநாள் காலையில் பாடசாலை வாசலில் நிற்பவள் நான். ஒரு அம்மா கேட்பார்: "நான் என்ன பட்டினி போட்டா வளர்க்கிறேன் டீச்சர்?" இன்னொருவர் சொல்வார்: "எங்க குடும்பமே ஒல்லிதான். எங்க அப்பாவும் கட்டைதான்." ஒரு அப்பா, "அந்தத் தராசு சரியில்லை" என்பார். சிலர் எதுவும் பேச மாட்டார்கள். அடுத்த பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள்.

தராசு சரியில்லை என்பதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழுந்து மடுவத்தில் தண்ணிக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழித்து, கடைசியில் அரைப்பேர் போட்டால் யாருக்குத்தான் தராசில் நம்பிக்கை இருக்கும்? தராசு வந்தால் ஏதோ குறையப் போகிறது என்பது நம்முடைய பரம்பரை அனுபவம். அதே தராசு பாடசாலைக்கு வந்து பிள்ளையிடம் குறை சொன்னால், அம்மாவின் பெயரில் இன்னொரு கழிவு விழுந்தது போலத்தான் இருக்கும்.

'தோட்டத்துச் சனம் படிப்பறிவில்லாமல் கோபப்படுகிறது' என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டுக்குப் பிறகு பாடசாலைகளில் 4, 5 வயதிலும் 10, 11 வயதிலும் பிள்ளைகளை நிறுத்துப் பார்க்கிறார்கள். அங்கே நிறை கூடிய பிள்ளைகளின் வீட்டுக்கும் கடிதம் போகிறது. அந்தப் பெற்றோரும் கோபப்படுகிறார்கள். என் வளர்ப்பைக் குறை சொல்கிறார்கள் என்கிறார்கள். கணக்கே பிழை என்கிறார்கள். பிள்ளையைப் பற்றிக் குறை கேட்டால் எந்தத் தாய்க்கும் வலிக்கும். அதில் படிப்பும் இல்லை, தோட்டமும் இல்லை.

ஆனால் வலிக்கிறது என்று துண்டைக் கிழித்துப் போட்டுவிட முடியாது. முதலில் "எங்க வாகே இப்படித்தான்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சாப்பாடும் சுகாதாரமும் கிடைத்த குழந்தைகளை அளந்து பார்த்தது. 5 வயது வரை எல்லா நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். டில்லிக் குழந்தையும் நோர்வேக் குழந்தையும் அப்படித்தான். அதை வைத்துத்தான் 2006இல் வளர்ச்சி அட்டவணை வெளியானது. ஒரு பிள்ளை இயற்கையிலேயே ஒல்லியாக இருக்கலாம். ஒரு சமூகத்தின் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு கட்டையாக இருந்தால் அதை வாகு என்று விட முடியாது.

மூன்றில் ஒரு பங்கு என்பது நான் கூட்டிச் சொல்லும் கணக்கல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 கணக்கெடுப்பின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17.3. நகரத்தில் 14.7. தோட்டத்தில் 31.7.

இந்த உயரக் கணக்கு ஏன் முக்கியம்? உயரத்துக்கு ஏற்ற நிறை இல்லையென்றால், பெரும்பாலும் அண்மையில் சாப்பாடு குறைந்திருக்கிறது, இல்லாவிட்டால் காய்ச்சல், வயிற்றோட்டம் வந்திருக்கிறது. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லையென்றால், அது வருடக்கணக்கான குறை. அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே தொடங்கியிருக்கலாம். இரத்தம் குறைந்த உடம்போடு கூடையைச் சுமந்து மலை ஏறிய கர்ப்பிணித் தாயின் கதை அந்தப் பிள்ளையின் உயரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. லயத்துத் தண்ணியும் மலசலகூடமும், குடும்பமே படுக்கும் புகை நிறைந்த காம்பராவும், காலையும் மாலையும் கோதுமை மா ரொட்டியும் அதில் இருக்கின்றன.

1,000 ரூபாய்க்குப் பல வருடம் போராடினோம். 2021 மார்ச்சில் கிடைத்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவு விலை முந்திய வருடத்தைவிட ஏறக்குறைய நூற்றுக்கு 95 கூடியிருந்தது. வாங்கிய சம்பளம் கடையிலேயே கரைந்தது. அப்போது சின்னஞ்சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள்தான் பாடசாலைக்கு வருகிறார்கள். அவர்கள் தராசில் ஏறும்போது அந்த வருடமும் சேர்ந்து ஏறுகிறது. ஆகவே துண்டில் பிள்ளையின் பெயர் இருந்தாலும், குறை உங்கள் தலையில் மட்டும் விழ வேண்டியதில்லை.

இனி வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பரிசோதனை நாளில் பிள்ளையை நிறுத்திவைக்காதீர்கள். துண்டு வந்தால் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். பாடசாலையில் கொடுக்கும் பூச்சி மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் துப்பச் சொல்லாதீர்கள். இரும்பு மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். ரொட்டியோடு சாயத் தண்ணி கொடுக்காதீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தேயிலைச் சாயம் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் கொடுங்கள். நாம் பறிக்கும் கொழுந்துதான், ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். பருப்பு, கீரை, நெத்தலி, முட்டை முடிந்தபோதெல்லாம் சேருங்கள். முடிந்தபோது என்றுதான் சொல்கிறேன். முட்டை விலை எனக்கும் தெரியும்.

சங்கம் செய்ய வேண்டியது நான்கு.

ஒன்று, துண்டு தமிழில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய துண்டு பல வீடுகளில் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிக் கிடக்கிறது. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. கேட்பது சலுகையல்ல.

இரண்டு, நிறையை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்கக் கூடாது. ஒரு பாடசாலையில் அப்படி வாசித்ததால் ஒரு பெண்பிள்ளைக்கு அந்த இலக்கமே பட்டப்பெயராகிவிட்டது. டொக்டர் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும்.

மூன்று, கிளினிக்குக்குப் பிள்ளையைக் கொண்டு போகும் தாய்க்கு அன்றைய பேர் போகக் கூடாது. துண்டுகள் கிளினிக்குப் போகாமல் கிடப்பதற்குப் பெரிய காரணம் கோபமல்ல, ஒரு நாள் சம்பளம். இதை நிர்வாகத்துடன் எழுத்தில் பேச வேண்டும்.

நான்கு, ஒவ்வொரு வருடமும் நம் பாடசாலைகளின் மொத்தக் கணக்கைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டு வாங்க வேண்டும். எந்தப் பிள்ளையின் பெயரும் வேண்டாம். எத்தனை பேரைப் பார்த்தார்கள், எத்தனை பேருக்கு நிறை குறைவு, எத்தனை பேருக்கு உயரம் குறைவு என்ற மூன்று இலக்கம் போதும். சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது தேயிலை விலை, உற்பத்திச் செலவு என்று அவர்கள் கட்டுக்கட்டாகக் கணக்குக் கொண்டுவருகிறார்கள். நம்முடைய கணக்கும் அந்த மேசையில் இருக்கட்டும்.

அடுத்த தவணைக்கு முன் ஒவ்வொரு தோட்ட மாதர் கமிட்டியும் தங்கள் பாடசாலை அதிபரைச் சந்தித்துப் பரிசோதனைத் திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அன்று இரண்டு அம்மாமார் பாடசாலையில் இருக்கட்டும். நானும் என் பாடசாலையில் இருப்பேன்.