மகதெனமுத்தாவும் தரம் 2 பிள்ளைகளும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக்கு என்ன செய்யலாம் என்று எமது வகுப்புத் தோழிகள் நால்வர் கூடி யோசித்தோம். கட்டடம் எழுப்ப எம்மிடம் பணம் இல்லை. சனிக்கிழமை காலைகள் இருந்தன. ஆகவே ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுடன் ஆறு சனிக்கிழமைகள் ஒரு நாட்டார் கதையை நடித்தும், அதற்கான கைவேலைகள் செய்தும் பார்த்தோம்.

நாம் எடுத்தது சிங்கள நாட்டார் கதையான மகதெனமுத்தா. எல்லாம் தெரிந்தவர் என்று ஊர் நம்பும் கிழவர் அவர். அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட ஐந்து சீடர்கள். பரமார்த்த குரு கதை கேட்டு வளர்ந்த நமக்கு இவர்கள் அந்நியரல்லர். ஓர் ஆட்டின் தலை பானைக்குள் சிக்கிவிடுகிறது. தலையை வெட்டச் சொல்கிறார் கிழவர். தலை பானைக்குள் விழுகிறது. அதை எடுக்கப் பானையை உடைக்கச் சொல்கிறார். ஆடும் போயிற்று, பானையும் போயிற்று.

முதல் வாரம் நாம் பிழை விட்டோம். முகமூடிகளை வீட்டிலேயே அழகாக வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வசனமும் எழுதிக் கொடுத்தோம். பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்புவித்தார்கள். பரிசளிப்பு விழா போல இருந்தது; விளையாட்டாக இல்லை.

அடுத்த வாரம் வெறும் பொருட்களோடு போனோம். ஊதிய பலூனில் பழைய புதினத்தாள் துண்டுகளைக் கோதுமை மாப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டினார்கள். காய்ந்தபின் பலூனை உடைத்து, வாயை வெட்டியதும் பானை தயார். தேங்காய்ப் பாதி முகத்துப் பொல்பே மூனாவுக்குக் காட்போட்டில் முகமூடி; வண்டிக்கார ரபட ஐயாவுக்குத் தலையணை; ஊசி போல மெலிந்த இந்திகட்டு பஞ்சாவுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. வகுப்பில் ஆகச் சிறிய பிள்ளை அந்தப் பாத்திரத்தைத் தானே கேட்டு வாங்கினாள். அதுவரை அவள் எம்மோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான்காம் வாரம், "வெட்டு" என்று கிழவர் கட்டளையிடும் இடத்தில் நாடகத்தை நிறுத்தினோம். "இப்ப என்ன செய்வம்?" என்று கேட்டோம். அமைதி. பிறகு அந்தச் சிறியவள் மெதுவாக, "ஆட்டுக்கு நோகும்தானே, ரீச்சர்? பானையை முதல் உடைச்சா என்ன?" என்றாள். உடனே வகுப்பே பேசத் தொடங்கியது. கழுத்தில் நல்லெண்ணெய் பூசலாம் என்றாள் ஒருத்தி. பானைக்காரியிடம் கேட்காமல் உடைக்கக்கூடாது என்றாள் இன்னொருத்தி. கிழவராக நடித்தவளோ, "நான் சொன்னாச் சொன்னதுதான்" என்று கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை!

மருத்துவத் தொழிலில் இருக்கும் எமக்கு அந்தக் கேள்வி மிகவும் பெரியது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் அங்கு நிற்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும் என்பது அதில் ஒன்று. ஒருமுறை வாய் திறந்தவர், பிழையைக் கண்டால் மறுபடியும் வாய் திறப்பார். "டொக்டர், ஒருக்காப் பாருங்கோ" என்று ஓர் இளம் தாதி சொல்லத் துணிவதில் ஓர் உயிர் தங்கியிருக்கலாம். அந்தத் துணிவை இருபத்தைந்து வயதில் புதிதாகப் பழகுவது கடினம். அடக்கமான பிள்ளைகள் என்று பெயர் எடுத்து வளர்ந்த நமக்கு இது தெரியும்.

சகோதரிகளே, புலமைப்பரிசில் பரீட்சைக்கான ஆயத்தம் இன்று சிறிய வகுப்புகளுக்கே இறங்கிவிட்டது. முதலில் பறிபோவது நாடகமும் கைவேலையும்தான். வாரத்தில் ஒரு பாடவேளையையாவது அவற்றுக்கு விட்டுவைக்குமாறு அதிபரையும் ஆசிரியர்களையும் பணிவோடு வேண்டுகிறோம். அருகில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை வாருங்கள். தூர தேசத்தில் இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு கதையை நடித்துப் பாருங்கள். முடிவுக்கு முன் நிறுத்திக் கேளுங்கள்.

புதினத்தாள் பானை இப்போது தரம் 2 வகுப்பு யன்னலில் இருக்கிறது. ஆறாம் வாரம் ஆடு உயிரோடு தப்பியது, பானையும் உடையவில்லை. நல்லெண்ணெய்தான் வென்றது.