மடியில் ஆறு மணி நேரம்
(நமது சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னை அழைத்தபோது, "குழந்தை வளர்ப்பைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ மாமி" என்றார். நான் கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு வேறு: பிழைக்க வழியில்லாத சிசுவைப் பற்றி. சபையில் இதைப் பேசுவது அமங்கலம் என்று சிலருக்குத் தோன்றலாம். மும்பையில் முப்பது வருஷம் பச்சிளங்குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் நான். இந்தத் துக்கம் வந்த குடும்பங்கள் பலவும் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "முன்னாடியே யாராவது சொல்லியிருந்தால் தேவலையே." அதனால்தான் இன்று பேசத் துணிந்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன், நம்மவர் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பதினெட்டாவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. கூடவே இதயத்தில் பெரிய கோளாறு. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. இந்தக் குழந்தையோ முதல் நாளே மூச்சுக்குத் தவித்தது. தாத்தா, "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் பண்ணுங்கோ டாக்டர்" என்றார். அப்பா வாய் திறக்கவில்லை. சிசேரியன் ஆகி வேறு வார்டில் படுத்திருந்த அம்மாவிடம், "கொஞ்சம் மூச்சுத் திணறல், சரியாயிடும்" என்று மட்டும் சொன்னார்கள். நானும் போய் உள்ளதைச் சொல்லவில்லை. குடும்பத்துப் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். பதினோரு நாள் வென்டிலேட்டர். பன்னிரண்டாம் நாள் விடியற்காலை எல்லாம் முடிந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய பிறகுதான் அந்தப் பெண் பிள்ளையைக் கையில் வாங்கினாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அவன் ஒரு தடவையாவது அழுதானா டாக்டர்?"

தொண்டையில் குழாய் இருக்கும் குழந்தை அழுதால் முகம் சுளிக்கும், சத்தம் வராது. அதை நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்? இன்று வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1971ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரைதான் அனுமதித்தது. 2008ல் ஒரு தம்பதி, கருவின் இதயத்தில் கோளாறு என்று 24 வாரம் கடந்தபின் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். அனுமதி கிடைக்கவில்லை. பிறகு கரு தானாகவே கலைந்துவிட்டது. நாடே இதைப் பற்றி விவாதித்தது. கடைசியில் 2021ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது, கருவில் கடுமையான குறை இருப்பதாக மாநில மருத்துவ வாரியம் உறுதி செய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் அனுமதி உண்டு. விண்ணப்பம் வந்த மூன்று நாளுக்குள் வாரியம் முடிவு சொல்ல வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ மாமியார் உத்தரவோ சட்டம் கேட்கவில்லை. அதேபோல், கலைத்தே ஆகவேண்டும் என்றும் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

பிறந்த பின்? ஊசி போட்டு உயிரைப் போக்குவது நம் நாட்டில் குற்றம். ஆனால் பலன் தராத இயந்திரத்தை நிறுத்துவதும், தொடங்காமல் இருப்பதும் வேறு விஷயம். 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதற்கு முறை வகுத்தது. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கியது. ஆஸ்பத்திரியில் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்க்க வேண்டும், குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தினால் வைத்தியமே நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். வலிக்கு மருந்து, உடம்புக்குக் கதகதப்பு, உதட்டில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால், அம்மாவின் மடி என்று எல்லாம் தொடரும். அதுவும் வைத்தியம்தான்.

ஒரு எச்சரிக்கை. குறையுள்ள குழந்தை வேறு, பிழைக்கவே முடியாத குழந்தை வேறு. பிளந்த உதடு, வளைந்த பாதம், பல இதயக் கோளாறுகள் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பாட்டுக் கற்றுக்கொள்கிறார்கள். பணம்தான் தடை என்றால், 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் பிறவிக் குறைகளுக்கு இலவச சிகிச்சை பெற வழி இருக்கிறது. "பெண் குழந்தைதானே" என்று சிகிச்சையை நிறுத்தச் சொன்னவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதற்கு எந்த தர்மத்திலும் இடமில்லை.

கடைசியாக இன்னொரு குடும்பம். ஐந்தாம் மாத ஸ்கேனில் சிசுவுக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவில்லை என்று தெரிந்தது. பனிக்குட நீர் இல்லாததால் நுரையீரலும் வளராது. இந்தத் தடவை அந்தப் பெண்ணையும், கணவரையும், இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் ஒன்றாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவளைத்தான் கேட்டேன். "சுமக்கிறேன் டாக்டர். ஆனால் குழாய் எதுவும் வேண்டாம்" என்றாள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

குழந்தை பிறந்து ஆறு மணி நேரம் அவள் மடியில் இருந்தது. புண்யாகவாசனத்துக்குப் பதினோராம் நாள் வரை காத்திருக்க முடியாதே! பாட்டியே குனிந்து காதில் பெயரைச் சொன்னாள். பல் முளைக்காத சிசுவுக்குத் தகனம் இல்லை, பூமியில்தான் வைக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்ல, தாத்தாவே கையில் ஏந்திப் போனார். மறுவாரம் வந்தபோது அந்தப் பெண் அழுதாள். ஆனால் என்னிடம் அவள் கேட்க ஒரு கேள்வியும் பாக்கி இருக்கவில்லை.

உங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. கல்யாணமான பெண்கள் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் சாப்பிடட்டும். மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது, பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. இரண்டாவது, அப்படி ஒரு நாள் உங்கள் ஆத்தில் வந்தால், அம்மாவிடம் எதையும் மறைக்காதீர்கள். தாங்கமாட்டாள் என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம். பத்து மாதம் தாங்கியவள் அவள்.